ஜிஆர்இ எழுதத்தான் வேண்டுமா? துணைவர் விசாவில் வந்து மேற்படிப்பை யோசிப்பவர்களுக்கு

கேள்வி: வணக்கம் அக்கா. திருமணமாகி எச்-4 விசாவில் டாலஸுக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இ.சி.இ. முடித்தேன். சி.ஜி.பி.ஏ. 7.1, இரண்டு அரியர் இருந்து பிறகு எழுதித் தேறினேன். மூன்று ஆண்டுகள் சென்னையில் வேலை பார்த்தேன், அதன் பிறகு இடைவெளி. இங்கே டேட்டா சயின்ஸில் எம்.எஸ். படிக்க ஆசைப்படுகிறேன். பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வில் 340-க்கு 320 வாங்காவிட்டால் விண்ணப்பமே போடாதே என்கிறார் உறவினர் ஒருவர். இப்போதெல்லாம் அதை யாரும் கேட்பதே இல்லை என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதை நம்புவது?

பதில்: வணக்கம் தங்கை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தாம் விண்ணப்பித்த ஆண்டையும் தாம் படித்த துறையையும் வைத்துப் பேசுகிறார்கள். உங்கள் ஆண்டும் உங்கள் துறையும் வேறு என்பதால் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில், நம் எல்லோருக்கும் ஊரிலிருந்தே கூடவே வரும் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டு, அரை மதிப்பெண் குறைந்தால் எந்தக் கல்லூரி கைநழுவும் என்று வீடே உட்கார்ந்து கணக்குப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே மதிப்பெண்ணே இடம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பட்டமேற்படிப்புச் சேர்க்கையில் அப்படிப்பட்ட தரவரிசைப் பட்டியல் கிடையாது. ஜிஆர்இ-யை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே, அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கட்-ஆஃப் போட்டு ஆட்களைக் கழிக்கக் கூடாது என்று துறைகளுக்கு வழிகாட்டுகிறது. ஆகவே "எவ்வளவு வாங்கினால் கிடைக்கும்?" என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, "என் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு எந்த இடத்தில் சந்தேகம் வரும், அந்தச் சந்தேகத்துக்கு இந்த மதிப்பெண் பதில் சொல்லுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது இதுதான்.

நானும் எச்-4-இல் வந்தவள்தான். ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறையில் படித்தபோது, இரண்டு ஆண்டுகள் சேர்க்கைக் குழுவில் மாணவர் பிரதிநிதியாக உட்காரும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே பேராசிரியர்கள் முதலில் திறந்தது டிரான்ஸ்கிரிப்டை, அதாவது கல்லூரி மதிப்பெண் பட்டியலைத்தான். கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு ஆகிய மூன்றும் இருக்கின்றனவா, அவற்றில் என்ன கிரேடு என்று பார்ப்பார்கள். அதன் பிறகு பரிந்துரைக் கடிதங்கள், அதன் பிறகு நோக்க அறிக்கை. ஜிஆர்இ மதிப்பெண் ஓர் ஓரத்தில் இருந்தது. பல விண்ணப்பங்களில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவே இல்லை. யாராவது ஒருவருக்குத் தயக்கம் வந்தபோதுதான் பார்வை அந்தப் பக்கம் போனது. நாம் பெயரைச் சொன்னதும் ஊரில் எல்லோருக்கும் தெரிகிற கல்லூரியாக இருந்தாலும், இங்குள்ள பேராசிரியருக்கு அது ஏதோ ஓர் இணைப்புக் கல்லூரி. 7.1 என்பது அங்கே நல்ல மதிப்பெண்ணா, நடுத்தரமா என்று அவருக்குத் தெரியாது. படித்து எட்டுப் பத்து ஆண்டுகள் ஆனவருக்குக் கணிதம் இன்னும் கைவசம் இருக்கிறதா என்பதும் தெரியாது. அப்படி ஒரு விண்ணப்பத்தில், பழைய கணித கிரேடுகள் சுமாராக இருந்தும், அண்மையில் எழுதிய ஜிஆர்இ-யின் கணிதப் பகுதியில் 170-க்கு 168 இருந்ததைப் பார்த்துவிட்டு, "சரி, இவருக்குக் கணிதம் வரும்" என்று சொல்லி ஒரு பேராசிரியர் மேலே சென்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதே நாளில் 170 வாங்கிய ஒருவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவருக்கு வந்த மூன்று கடிதங்களும் ஒழுங்காக வகுப்புக்கு வருவார், பணிவானவர் என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. எழுதிக்கொடுத்தவர்கள் நல்ல மனத்தோடுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் அவர் என்ன செய்தார் என்ற ஒரு வரிகூட அவற்றில் இல்லாதது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஜிஆர்இ-க்குச் செலவிடும் மூன்று மாதங்களில் ஒரு வாரத்தை ஒதுக்கி, உங்கள் பழைய ஆசிரியருக்கும் சென்னை மேலாளருக்கும் நீங்கள் செய்த வேலைகளை விவரமாக எழுதி நினைவூட்டி, அவற்றைக் குறிப்பிட்டுக் கடிதம் தரும்படி கேளுங்கள்.

"யாரும் கேட்பதில்லை" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 2017, 2018 வாக்கில் உயிர் மருத்துவத் துறையின் பிஎச்.டி. திட்டங்கள் பல இந்தத் தேர்வைக் கைவிடத் தொடங்கின. வட கரோலினா, வாண்டர்பில்ட் ஆகிய பல்கலைக்கழகங்களில் நடந்த ஆய்வுகள் 2017-இல் வெளிவந்தன. ஆய்வு மாணவர்கள் எத்தனை கட்டுரைகள் வெளியிடுவார்கள் என்பதை ஜிஆர்இ மதிப்பெண்ணால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்று அவை காட்டின. பிறகு 2020-இல் பெருந்தொற்று வந்து தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது, மற்றத் துறைகளும் கூட்டமாக விலக்கு அளித்தன. பலர் அந்த விலக்கைத் திரும்பப் பெறவே இல்லை. எம்.ஐ.டி.யின் மின்னியல், கணினித் துறை ஜிஆர்இ கேட்பதில்லை. ஜார்ஜியா டெக்கின் இணையவழிக் கணினி அறிவியல் முதுகலையும் கேட்பதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2001-இல் வெளிவந்த, பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த பெரிய அலசல் ஒன்று, இந்த மதிப்பெண்ணுக்கும் பட்டமேற்படிப்பில் வாங்கும் கிரேடுகளுக்கும் ஓரளவு தொடர்பு இருப்பதாகவே கண்டது. இரண்டும் முரண்படுவதாக நான் நினைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஐந்து ஆண்டுகள் விடாமல் உழைப்பது ஒரு திறன். முதல் இரண்டு செமஸ்டர்களில் நிகழ்தகவுத் தேர்வுகளைத் தாண்டுவது வேறொரு திறன். மேலும், பிஎச்.டி. ஆய்வுகளில் கணக்கில் வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே சேர்க்கப்பட்டவர்கள்; அவர்களுக்குள் மதிப்பெண் வேறுபாடு குறைவாக இருப்பதால் தொடர்பும் மங்கித்தான் தெரியும். நீங்கள் சேர விரும்புவது பாடங்களை மையமாகக் கொண்ட எம்.எஸ். அங்கே உங்கள் கணிதத்தைப் பற்றிய சந்தேகம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல இந்தத் தேர்வு உதவும்.

துறைகளின் இணையப் பக்கங்களில் மூன்று விதமான வாசகங்களைப் பார்ப்பீர்கள். கட்டாயம் என்றால் குழப்பம் இல்லை. ஏற்பதில்லை அல்லது கருத்தில் கொள்வதில்லை என்றால் அனுப்பவே வேண்டாம். எவ்வளவு உயர்ந்த மதிப்பெண்ணாக இருந்தாலும் அவர்கள் கண்ணில் படாது. சிக்கலெல்லாம் விருப்பத்துக்கு உரியது என்ற வாசகத்தில்தான். பல துறைகள் அதை உண்மையாகவே அப்படித்தான் நடத்துகின்றன. ஆனால் 7.1, அரியர், இடைவெளி என்று மூன்று சந்தேகங்கள் இருக்கும் ஒருவருக்கு, கணிதப் பகுதியில் 165-க்கு மேல் வரும் என்ற நம்பிக்கை இருந்தால் எழுதி அனுப்புவதையே நான் சொல்வேன். 155-ஐ ஒட்டித்தான் வருகிறது என்றால் அனுப்பாமல் இருப்பது மேல். அந்த எண் உங்கள் 7.1-ஐப் பற்றிய ஐயத்தை உறுதிப்படுத்திவிடும்.

165 என்று ஏன் சொல்கிறேன்? ஒவ்வொரு பகுதிக்கும் 130 முதல் 170 வரை மதிப்பெண். கணிதம் நன்றாக வரும் மாணவர்கள் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஏராளமாக எழுதுவதால், கணிதத்தில் 160 வாங்குபவர் ஏறக்குறைய நடுவில்தான் நிற்கிறார். முழு 170 வாங்கினாலும் பெர்சன்டைல், அதாவது அவரைவிடக் குறைவாக வாங்கியவர்களின் சதவீதம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் இருக்கும். மொழிப் பகுதியில் அதே 160, எண்பதுக்கு மேற்பட்ட பெர்சன்டைல். ஆகவே 320 என்ற கூட்டுத்தொகைக்குத் தனியாகப் பொருள் எதுவும் இல்லை. 168-உம் 152-உம் சேர்ந்தாலும் 320. 158-உம் 162-உம் சேர்ந்தாலும் 320. தரவு அறிவியல் துறைக்கு இரண்டும் ஒன்றல்ல.

மேலாண்மைப் படிப்பு மட்டும் வேறு உலகம். ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் போன்ற இடங்களின் எம்.பி.ஏ.வுக்கு இன்றும் ஜிமேட் என்ற மேலாண்மை நுழைவுத் தேர்வு அல்லது ஜிஆர்இ வேண்டும். சேர்ந்தவர்களின் சராசரி மதிப்பெண்ணை யு.எஸ். நியூஸ் தரவரிசை கணக்கில் எடுப்பதால் பள்ளிகளுக்கே அதில் அக்கறை உண்டு. பழைய மதிப்பெண்களோடு ஒப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2024 ஜனவரியோடு பழைய ஜிமேட் நிறுத்தப்பட்டது. இப்போதுள்ளது 205 முதல் 805 வரையிலான புதிய அளவுகோல். பழைய 700-உம் இன்றைய 705-உம் ஒன்றல்ல.

உங்கள் நிலையில் இன்னொன்றும் உண்டு. கணவரின் வேலை டாலஸில் இருப்பதால், பத்துப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்து எங்கு கிடைத்தாலும் போகும் சுதந்திரம் உங்களுக்கு இல்லை. ரிச்சர்ட்சன், ஆர்லிங்டன், டென்டன் என்று வண்டியில் போய்வரக்கூடிய தொலைவில் இருக்கும் இரண்டு மூன்று இடங்கள்தான் உங்கள் பட்டியல். எனவே பொதுவான அறிவுரைகளைவிட, அந்தத் துறைகளின் பட்டமேற்படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு நீங்களே எழுதும் ஒரு மின்னஞ்சல் அதிகம் பயன்படும். "என் சி.ஜி.பி.ஏ. இவ்வளவு, பணி அனுபவம் இவ்வளவு. விருப்பத் தேர்வாக உள்ள ஜிஆர்இ என் விண்ணப்பத்துக்கு வலு சேர்க்குமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கூடவே, உதவித்தொகைக்கு அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பார்களா என்றும் கேளுங்கள். சேர்க்கைக்குக் கேட்காமல் உதவித்தொகைக்கு மட்டும் பார்க்கும் இடங்கள் உண்டு.

கடைசியாக, நம்மவர்களுக்கே உரிய ஒரு தொல்லை: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தோடு சரி. மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் விரித்து எழுதிய பெயர், திருமணத்துக்குப் பின் மாற்றியிருந்தால் மூன்றாவதாக ஒன்று. நான் தேர்வுக்குப் பதிந்த பெயரும் விண்ணப்பத்தில் எழுதிய பெயரும் ஒத்துப்போகாததால், என் மதிப்பெண் அறிக்கை போய்ச் சேர்ந்தும் மூன்று வாரங்கள் என் விண்ணப்பத்தோடு இணைக்கப்படாமல் கிடந்தது. நானாகத் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் தெரிந்தது, யாரும் சொல்லவில்லை. தேர்வுக்குப் பதியும்போதும் விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, ஒரே மாதிரி எழுதுங்கள். தேர்வன்று பாஸ்போர்ட்டையே அடையாளமாகக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: அக்கா, நான் 2019-இல் ஜிஆர்இ எழுதி 312 வாங்கினேன். அதைப் பயன்படுத்தலாமா? பள்ளியிலிருந்தே ஆங்கில வழியில் படித்ததால் டோஃபெல் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வு வேண்டாம் என்கிறார்களே, அது சரியா?

பதில்: ஜிஆர்இ மதிப்பெண் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதைக் கடந்ததை இ.டி.எஸ். அனுப்பாது. டோஃபெல், ஐ.இ.எல்.டி.எஸ். இரண்டுக்கும் இரண்டே ஆண்டுகள். ஆங்கில வழியில் படித்தோம் என்பதால் விலக்கு உண்டு என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். சில பல்கலைக்கழகங்கள் இந்தியாவில் ஆங்கில வழியில் படித்ததற்குக் கல்லூரியின் சான்றிதழை ஏற்கின்றன. வேறு சில, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாடுகளில் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே விலக்கு அளிக்கின்றன. இதில் சலுகை கேட்க இடமில்லை. ஜிஆர்இ ஒரு மதிப்பீடு என்றால் இது ஒரு தகுதி விதி. குறைந்த அளவுக்கு ஒரு புள்ளி கீழே இருந்தாலும் விண்ணப்பம் துறைக்கே போகாமல் நின்றுவிடலாம். கற்பித்தல் உதவியாளர் பணியை எதிர்பார்ப்பவர்கள் பேச்சுப் பகுதியின் மதிப்பெண்ணைத் தனியாகப் பாருங்கள். அதற்கென்று உயர்ந்த அளவு வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு.

கேள்வி: என்னுடையது மூன்றாண்டு பி.எஸ்சி. கணிதம். ஜிஆர்இ-யில் நன்றாக வாங்கினால் அந்தக் குறையைச் சரிக்கட்ட முடியுமா?

பதில்: முடியாது. உங்களைத் தேவையற்ற செலவிலிருந்து காப்பாற்றவே இப்படித் திட்டவட்டமாகச் சொல்கிறேன். நான்காண்டுப் பட்டம் வேண்டும் என்ற விதி இருக்கும் இடத்தில் 340-க்கு 340 வாங்கினாலும் அந்த விதி தளராது. மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்கும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன, எம்.எஸ்சி.யும் முடித்திருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. தேர்வுக் கட்டணமான 220 டாலரைக் கட்டும் முன், சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி உங்கள் பட்டம் ஏற்கப்படுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேலே முதலில் கேட்டவள் நான்தான் அக்கா. மூன்று துறைகளுக்கும் எழுதினேன். இரண்டு பேர் பதில் அனுப்பினார்கள். மதிப்பெண் இருந்தால் உதவும் என்கிறார்கள். ஜனவரி 15 கடைசி நாள். எப்போது எழுதுவது?

பதில்: அக்டோபர் முதல் வாரத்தில் எழுதுங்கள். 2023 செப்டம்பரிலிருந்து தேர்வு 1 மணி 58 நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது; ஒரே ஒரு கட்டுரை, கணிதத்தில் 27 வினாக்கள், மொழியில் 27 வினாக்கள். வினாக்கள் குறைந்துவிட்டதால் கவனக்குறைவான ஒவ்வொரு பிழையும் முன்பைவிட அதிகமாக வலிக்கும். கணிதத்தின் முதல் பகுதியில் நீங்கள் செய்வதைப் பொறுத்தே இரண்டாம் பகுதியின் கடினம் அமையும் என்பதால் முதல் 12 வினாக்களில் அவசரப்பட வேண்டாம். எழுதி முடித்ததும் கணித, மொழி மதிப்பெண்கள் திரையிலேயே தெரியும். அவற்றைப் பார்த்த பிறகு நான்கு இடங்களுக்குக் கட்டணமின்றி அனுப்பலாம். மனத்துக்கு நிறைவாக இல்லையென்றால் அன்று யாருக்கும் அனுப்பாதீர்கள். 21 நாட்கள் கழித்து மறுபடி எழுதலாம். நவம்பர் முதல் வாரத்தில் எழுதினாலும் அதிகாரப்பூர்வ அறிக்கை 8 முதல் 10 நாட்களில் வந்துவிடும். பரிந்துரைக் கடிதம் தருபவர்களுக்கு அதற்கும் முன்பே, செப்டம்பரிலேயே எழுதிவிடுங்கள். தீபாவளி நெருங்கினால் ஊரில் யாரையும் பிடிக்க முடியாது.