வோட்டர் பம்ப்புக்கு 875 டொலரா? புதிதாகக் கனடா வந்தவர்களுக்கு

பதினான்கு வருடமாக ஸ்காபரோவில் இருக்கிறேன். இப்போது லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். போன கிழமை காலையில் மட்டக்களப்பு கல்லடியில் தெரிந்த ஒருவரின் கராஜில் தம்பியின் வாகனத்துக்கு ஒயில் மாற்ற நின்றபோது அக்காவின் மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அவன் கனடா போய் எட்டு மாதம். 2010 கொரோலா ஒன்று எடுத்திருக்கிறான். "மாமா, வோட்டர் பம்ப் மாத்த 875 டொலர் கேக்கிறாங்க. ஏமாத்துறாங்களா?" எஞ்சின் கொதிக்காமல் கூலன்ட் தண்ணீரைச் சுற்றித் தள்ளுகிற பம்ப் அது.

படத்தைக் கராஜ் அண்ணனிடம் காட்டினேன். அவர் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "இந்தக் காசுக்கு இஞ்ச ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எடுக்கலாமே மனே!"

புதிதாக வந்த எல்லோரும் செய்வது இதைத்தான். ரூபாயில் பெருக்கினால் கனடாவில் தேத்தண்ணிகூடக் குடிக்க முடியாது. அதை விட்டுவிட்டு பில்லைப் பிரித்துப் பாருங்கள். அவனுடையதில் பம்ப் 215, பெல்ட் 70, கூலன்ட் 50, சில்லறைச் சாமான் 20. மூன்று மணித்தியால வேலைக்கு மணிக்கு 140 வீதம் 420. எல்லாம் 775, அதன் மேல் ஒன்ராறியோவின் 13 சதவீத வரி. ஊரில் சாமான்தான் விலை, கை வேலை மலிவு. 2020 இலிருந்து ஐந்து வருடம் கார் இறக்குமதியே நின்றுபோனதால் பழைய வாகனத்தைத்தான் பார்த்துப் பார்த்து ஓட்டினார்கள். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் தேடிப் பழைய பம்ப் எடுப்பார்கள், அல்லது பெயரிங்கும் சீலும் மாற்றி அதையே திரும்பப் பூட்டுவார்கள். கனடாவில் நேர்மாறு. கழற்றிப் பூட்டுகிறவரின் நேரத்துக்குத்தான் காசு. அதனால் விலை கேட்கும்போது "பம்ப் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் போதாது. எத்தனை மணித்தியாலம் போடுகிறீர்கள், மணிக்கு எவ்வளவு, பம்ப் கம்பனிச் சாமானா வெளிச் சாமானா என்று கேளுங்கள்.

சரி, முதலில் பம்ப்தான் பழுதா? கராஜ் அண்ணன் வீடியோவில் வரச் சொன்னார். இங்கே காலை எட்டு மணி, அங்கே இரவு பத்தரை. பிள்ளை கார் பார்க்கில் டோர்ச் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறான். "எஞ்சின் ஆறிட்டுதா? ஆறாம மூடியில கை வைக்காத மனே, கொதிதண்ணி முகத்துக்கு அடிக்கும்." பிறகு ரேடியேட்டர் மூடி, ஹோஸ் கிளிப் எல்லாம் பார்க்கச் சொன்னார். கசிவு அங்கேயென்றால் சில டொலரோடு முடிந்துவிடும். கடைசியில் பம்ப் புல்லிக்குப் பின்னால். அங்கே இளஞ்சிவப்பில் உப்புப் பூத்தது போல ஒரு கோடு. டொயோட்டா கூலன்ட்டின் நிறம் அது. பம்பில் வேண்டுமென்றே ஒரு சின்னத் துவாரம் வைத்திருப்பார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பெயரிங்குக்குள் போகாமல் அதன் வழியாக வெளியே வரும். "பம்ப்தான்" என்றார் அண்ணன். ஆக, அந்தக் கராஜ் பொய் சொல்லவில்லை. விலைதான் கொஞ்சம் கூட.

அடுத்த நாள் இன்னொரு கராஜில் கேட்கச் சொன்னேன். அய்சின் பம்ப் 110, பெல்ட் 45, கூலன்ட் 45, இரண்டு மணித்தியாலம் 240. வரியோடு 497 டொலர் 20 சதம். அய்சின் டொயோட்டாவுக்கே பம்ப் செய்து கொடுக்கிற கம்பனி. பெட்டியில் டொயோட்டா பெயர் இல்லையென்று பயப்பட வேண்டாம். ஆனால் பெயர் தெரியாத பம்ப்பை வாங்கி 40 டொலர் மிச்சம் பிடிக்காதீர்கள். அது போனால் அந்த இரண்டு மணித்தியாலக் கூலியைத் திரும்பவும் கொடுக்க வேண்டும்.

இன்னும் கார் எடுக்காதவர்கள் இதையும் பாருங்கள். கொரோலாவில் பம்ப் வெளியே, பெல்ட்டில் ஓடுகிறது, சுகமான வேலை. ஹொண்டா ஒடிசி, பைலட் போன்ற வி6 எஞ்சின்களில் பல வருடங்களாக, மூடிக்குள்ளே எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற டைமிங் பெல்ட்தான் பம்பைச் சுற்றுகிறது. சுமார் 160,000 கிலோமீற்றரில் பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் ஒரே கூலியை இரண்டு முறை கொடுப்பீர்கள். ஃபோர்ட் எட்ஜ், எக்ஸ்ப்ளோரரின் முன்சில்லு இழுக்கிற பழைய 3.5 லீற்றர் எஞ்சினில் பம்ப் உள்ளேயே இருக்கிறது, டைமிங் செயின் சுற்றுகிறது. கசிந்தால் கூலன்ட் எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். பம்ப் மாற்ற இரண்டாயிரம் டொலருக்கு மேல் கேட்பார்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று ஓடிப்போய் அதை எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. எடுத்தவர்கள் கோபிக்க வேண்டாம்.

ஒன்ராறியோவில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, நம்மவர்கள்தான் கேட்பதில்லை. வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். கடைசி பில் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. போட்ட சாமானுக்கும் செய்த வேலைக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்கலாம். "தம்பி, நம்மட ஆள்தானே, காசாத் தந்தா வரி இல்ல" என்று ஒரு கராஜ்காரர் சொன்னார், நானும் சரியென்றேன். நான் கனடா போய் மூன்றாம் வருடம் அது. ஒரு மாதத்தில் திரும்பக் கசிந்தபோது கையில் பில் இல்லை. அவருக்கு என்னைத் தெரியவும் இல்லை. நம்மவர் கராஜுக்குப் போங்கள், நானும் போகிறேன், பில்லோடு போங்கள்.

ஊர்ப் பழக்கம் ஒன்றை மட்டும் விமானத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மலையேறும்போது எஞ்சின் கொதித்தால் ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, ஓடையில் தண்ணீர் பிடித்து ஊற்றுவோம், போய்விடுவோம். கனடாவிலும் அப்படியே பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருந்தால் ஜனவரியில் அது எஞ்சினுக்குள் உறைந்து, விரிந்து, இரும்பையே பிளந்துவிடும். பாதி கூலன்ட், பாதி காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்தால் சுமார் மைனஸ் 37 பாகை வரை தாங்கும். கலந்தே போத்தலில் விற்கிறார்கள். கூலன்ட் நிலத்தில் சிந்தினால் உடனே கழுவுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கும். அது நஞ்சு.

இன்னொன்று, நமக்கு ஹீட்டர் போட்டே பழக்கமில்லாததால் தெரியாது. எஞ்சின் சூடாகியும் ஹீட்டரில் குளிர் காற்று வந்தால் கூலன்ட் குறைந்திருக்கலாம், பம்ப் தள்ளாமலும் இருக்கலாம். வெப்ப முள் சிவப்புக்குப் போனால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். நெடுஞ்சாலையில் "அடுத்த வெளிவழி வரைக்கும்தானே" என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். அப்போது 875 டொலர் மலிவாகத் தெரியும்.

மருமகன் இரண்டாவது கராஜிலேயே மாற்றிவிட்டான், 497 டொலர்தான் எடுத்தார்கள். கேட்டபடி பழைய பம்பையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தையும் கராஜ் அண்ணனிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். "பம்ப் பொடி நல்லாத்தானே இருக்கு. அத எறிய வேணாமெண்டு சொல்லு. வரக்குள்ள கொண்டு வரட்டும், பெயரிங் போட்டு எடுத்திரலாம்."