ஐஐஎம் நேர்காணலில் இன்னும் உறுத்துகிற அந்த ஒரு நிமிடம்: உங்களுடையதைச் சொல்லுங்கள்

பொள்ளாச்சிக்காரன்

ரிசல்ட் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை. நானே தொடங்கி வைக்கிறேன்.

ஐஐஎம் மேலாண்மைக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான கேட்டில் 98.7 பர்சென்டைல், மெக்கானிக்கல், இரண்டு வருட வேலை அனுபவம், சென்னை சென்டர். வாட் எனும் கட்டுரைத் தேர்வை எழுதி முடித்துவிட்டு பி.ஐ.க்கு, அதாவது நேர்காணலுக்கு, உட்கார்ந்தேன். ரெப்போ வட்டி, பட்ஜெட், தெர்மோடைனமிக்ஸ் இரண்டாம் விதி, 'எம்பிஏ எதற்கு' எல்லாவற்றையும் கரைத்துக் குடித்திருந்தேன். பேனலில் மூத்தவர் என் படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்பா விவசாயமா? என்ன பயிர்?"

"தென்னை, சார்."

"எத்தனை மரம்?"

"ஐந்து ஏக்கர், சார்."

அவர் கேட்டது மரம், நான் சொன்னது ஏக்கர். சிரித்துக்கொண்டே, "சரி, ஒரு மரம் வருடத்துக்கு எத்தனை காய் காய்க்கும்?" என்றார். அந்த மரங்களுக்கு நடுவில்தான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆனால் தெரியவில்லை. வாய்க்கு வந்தபடி முந்நூறு என்றேன். ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "அப்படியானால் அப்பாவின் வருமானத்தைப் போடுங்கள்."

ஏக்கருக்கு எழுபது மரம், மரத்துக்கு முந்நூறு காய், காய் பதினைந்து ரூபாய். 15,75,000. கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில் கீழே இரட்டைக்கோடு வேறு போட்டேன். பக்கத்தில் இருந்த இன்னொருவர் என் படிவத்தைத் திருப்பி, குடும்ப ஆண்டு வருமானம் என்ற கட்டத்தில் விரலை வைத்தார். அங்கே நாலு லட்சம் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. "இதில் எது சரி?"

வெளியே வந்து நடைபாதையிலிருந்து அப்பாவுக்கு போன் போட்டேன். "நாட்டு மரம்னா நூறு காய் வந்தாலே பெருசு கண்ணு. நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒரு வெட்டு. வெள்ளை ஈ வந்ததுக்கப்புறம் அதுவும் இல்லை" என்றார். அந்தச் சுருள் வெள்ளை ஈயை இந்தியாவில் முதன்முதலில் கண்டதே 2016இல் எங்கள் பக்கத்தில்தான். கேட்டிருந்தால் அதைப் பற்றியாவது பத்து நிமிடம் பேசியிருக்கலாம். போனை வைத்த பிறகுதான் இரட்டைக்கோடு போட்ட தாளை மேசையிலேயே விட்டு வந்தது ஞாபகம் வந்தது. வெயிட்லிஸ்டில் பெயர் வந்தது, என் எண் வரை நகரவில்லை.

உப்புக்காற்று

எனக்கு சீட் கிடைத்தது. அதனால்தான் இங்கே எழுதத் தயக்கம்.

பி.காம்., அப்புறம் தூத்துக்குடியில் ஒரு ஆடிட்டரிடம் மூன்று வருட ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி. பேனலில் இருந்த மேடத்துக்கு என் ஃபைலில் பிடித்தது ஒரே ஒரு வரி: உப்பளத்தில் ஸ்டாக் ஆடிட், அதாவது இருப்புச் சரிபார்ப்பு. "குவித்து வைத்திருக்கும் உப்பை எப்படி அளப்பீர்கள்?" என்றார். இது நம்ம ஏரியா. அம்பாரம் நீளவாக்கில் இருக்கும், குறுக்கே வெட்டினால் சரிவகம். நீளம், அடி அகலம், மேல் அகலம், உயரம் எடுத்தால் கன அளவு வந்துவிடும். ஒரு கன மீட்டருக்கு ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே என்று எடை போடலாம். கீற்று போட்டு மூடியிருந்தால் உயரம் கூடுதலாகக் காட்டும், அதைக் கழிக்க வேண்டும். மழையில் கரைந்ததற்கு ஒரு தள்ளுபடி உண்டு, முதலாளிகள் அதைத் தாராளமாகவே போடுவார்கள் என்றேன். மேடம் சிரித்துவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். "நீங்களே டேப்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கால் எரிந்திருக்குமே?" "இரண்டு நாள் எரிந்தது மேடம்."

ஏறியது நான் இல்லை. அங்கே வேலை செய்த ஒரு அக்கா. நான் ஷூ வீணாகிவிடும் என்று வரப்பில் குடை பிடித்து நின்றுகொண்டு, அவர் சொன்ன அளவை எழுதிக்கொண்டேன். இறங்கி வந்ததும் குடத்துத் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டார். குதிகால் முழுக்க வெடிப்பு. 'ஆமாம்' என்று சொன்னதைக்கூட மறந்துவிடலாம். அந்த 'இரண்டு நாள்' எங்கிருந்து வந்தது என்றுதான் புரியவில்லை.

மூன்றாம் முறை

உப்புக்காற்று, இதெல்லாம் ஒரு பொய்யா? அவர்கள் கேட்டது அளக்கத் தெரியுமா என்று. தெரிந்தது, கொடுத்தார்கள். பொள்ளாச்சி ப்ரோ, உங்களுக்குக் கோடு போட ஒரு தாளாவது கொடுத்தார்கள். நான் நேர்காணல் அறையையே பார்த்ததில்லை.

கேட்டில் 99.31. ஆண், இன்ஜினியர், பொதுப் பிரிவு. பத்தாம் வகுப்பில் 412. பரீட்சைக்கு முந்தின வாரம் டைபாய்டு. பதினைந்து வயதில் வந்த காய்ச்சலுக்கு இருபத்து நாலு வயதில் பில் வருகிறது. நேர்காணலுக்கான ஷார்ட்லிஸ்ட் பார்த்தது ஓசூர் கம்பெனி பஸ்ஸில். நெட் இழுக்காமல் அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, பஸ் சிப்காட்டுக்குள் திரும்பியபோது பக்கம் திறந்தது. 'வருந்துகிறோம்.' பக்கத்தில் இருந்தவர் என்ன தம்பி, கிரிக்கெட்டா என்றார்.

புதிதாக எழுதுபவர்கள் தயவுசெய்து கேளுங்கள். மாக் டெஸ்ட்டை எண்ணிக்கைக்காக எழுதாதீர்கள். டிஐஎல்ஆர் (தரவு, தர்க்கக் கேள்விகள்) பகுதியின் நாற்பது நிமிடத்தில் முதல் ஆறு நிமிடம் செட்களைப் படிக்க மட்டும், பேனாவைத் தொடாதீர்கள். விடையை டைப் செய்கிற கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது, காலியாக விட்டு வராதீர்கள். மற்றதில் ஒரு தப்புக்கு ஒரு மார்க் போகும். முக்கியமாக, படிவம் போடும் முன்பே ஒவ்வொரு ஐஐஎம்மும் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரிக்கு எவ்வளவு எடை கொடுக்கிறது என்று அவர்கள் சேர்க்கை விதிமுறையில் பாருங்கள். ஒன்றுக்கொன்று நிறைய வித்தியாசம். நான் இரண்டு முறை எழுதிய பிறகுதான் பார்த்தேன். எனக்குக் கதவு எங்கே மூடியிருக்கிறது என்று தெரியாமலே தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

98 பேட்ச்

தம்பி மூன்றாம் முறை, சொல்வது நியாயம்தான், ஆனால் உப்புக்காற்றுப் பொண்ணு கேட்டது ஆறுதல் இல்லையே. உறுத்துகிறது என்று சொல்கிறாள், விடு.

எங்கள் காலத்தில் பென்சிலும் தாளும். மொத்தம் ஆறு ஐஐஎம். இந்தூரும் கோழிக்கோடும் அப்போதுதான் இரண்டு வயதுக் குழந்தைகள். இப்போது இருபதைத் தாண்டிவிட்டது, திருச்சியிலேயே 2011இல் வந்துவிட்டது. வாட் எல்லாம் கிடையாது, குரூப் டிஸ்கஷன். எட்டுப் பேரை வட்டமாக உட்கார வைத்து ஒரு தலைப்பைப் போட்டதும் மீன் சந்தைதான். நானும் கத்தினேன். என் எதிரில் ஒரு பையன், இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, ஆறு முறை வாயைத் திறந்தான், ஆறு முறையும் யாராவது குறுக்கே பாய்ந்தோம். ஐந்தாவது முறை பாய்ந்தது நான். தலைப்பு மறந்துவிட்டது, நான் என்ன பேசினேன் என்பதும் மறந்துவிட்டது. அவன் கடைசியில் தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தது மட்டும் இருக்கிறது.

லேமினேஷன்

திண்டுக்கல். அப்பா பஸ் கண்டக்டர். கேட் படிவத்தில் ஓபிசி என்று டிக் செய்து, வீட்டில் இருந்த பி.சி. ஜாதிச் சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டேன். நம் ஊரில் ஸ்கூல், காலேஜ், கவுன்சலிங் எல்லாவற்றுக்கும் அந்த அட்டைதான் செல்லும். கிரீமி லேயர் (ஓபிசியிலேயே வசதியான, ஒதுக்கீடு கிடைக்காத குடும்பங்கள்) என்ற வார்த்தையை அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

நேர்காணலுக்கு முன் சான்றிதழ் சரிபார்ப்பு மேசை. அங்கே இருந்தவர் என் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பினார். மத்திய அரசு படிவத்தில் இல்லை என்றார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார், அவரும் தலையாட்டினார். "நேர்காணலுக்குப் போங்கள், பொதுப் பிரிவில்தான் எடுப்போம்." பட்டியலில் என் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு 'ஜி' போட்டார். நான் கவனித்தேன், பேனா அவர் சட்டைப்பையில் இருந்தது. பென்சில்தானே, அழித்துவிடலாமே என்று நேர்காணல் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன் என்று இன்று வரை ஞாபகம் இல்லை.

ஓய்வு பெற்ற ஆர்.ஐ.

என் மகளை அழைத்துக்கொண்டு போய் வெளியே நாலு மணி நேரம் நின்றவன் நான். அவளுக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் மேலே லேமினேஷன் பொண்ணு எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

முதலில் ஒன்று, அம்மா. மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. பட்டியல் வேறு, மத்திய அரசின் ஓபிசி பட்டியல் வேறு. இங்கே பி.சி.யாக இருக்கிற எல்லா ஜாதியும் அங்கே இருக்காது. பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது, மாநில இடஒதுக்கீட்டில் நம்மிடம் கிரீமி லேயர் கிடையாது, அதனால்தான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த விஷயமே தெரிவதில்லை. இ-சேவை மையத்தில் ஓபிசி சான்றிதழுக்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் (வருவாய் ஆய்வாளர்) விசாரித்து அனுப்பிய பிறகுதான் மேலே கையெழுத்தாகும். கேட் எழுதும் வருடம் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும், போன வருடத்துச் சான்றிதழ் ஆகாது. கேட் விண்ணப்பம் ஆகஸ்டில் திறக்கும். மே மாதமே போய் வாங்கிவிடுங்கள், ஜூனில் காலேஜ் சேர்க்கைக் கூட்டம் தாலுகா ஆபீசை நிரப்பிவிடும்.

மூன்றாவது, இதில்தான் படித்தவர்களே தப்பு செய்கிறார்கள். கிரீமி லேயர் வரம்பு எட்டு லட்சம் என்றதும் அப்பா சம்பளத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள். சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் வராது. மற்ற வருமானம் தொடர்ந்து மூன்று வருடம் எட்டு லட்சத்தைத் தாண்டினால்தான் சிக்கல். அதைத் தவிர, பெற்றோரில் ஒருவர் நேரடியாக குரூப் ஏ எனும் உயர்நிலை அரசுப் பதவியில் சேர்ந்தவராக இருந்தாலோ, இருவரும் அப்படியே அதற்கு அடுத்த குரூப் பி ஆக இருந்தாலோ சான்றிதழ் கிடைக்காது. கண்டக்டர் வீட்டுப் பிள்ளைக்கு எந்தத் தடையும் இருந்திருக்காது. பொள்ளாச்சித் தம்பி, நீங்களும் கேளுங்கள். நாலு லட்சமோ பதினைந்தே முக்காலோ, தென்னை வருமானம் இதில் சேராது.

பொள்ளாச்சிக்காரன்

ஐயா, நான் அன்றைக்குப் போட்ட கணக்கே தப்பு, அதை வைத்துத் தீர்ப்பா! நான் ஓபிசியில் விண்ணப்பிக்கவும் இல்லை.

உப்புக்காற்று, அந்த அக்காவை அப்புறம் பார்த்தீர்களா?

உப்புக்காற்று

இல்லை. பெயரே கேட்டுக்கொள்ளவில்லை.

லேமினேஷன்

ஐயா, இவ்வளவு எழுதியதற்கு நன்றி. மத்தியச் சான்றிதழ் அந்த மே மாதமே வாங்கிவிட்டேன். நீங்கள் சொன்ன அதே வழிதான், வி.ஏ.ஓ. ஆபீசுக்கு மூன்று நடை. அந்த வருடம் மறுபடி எழுதவும் செய்தேன், அழைப்பு வரவில்லை. இப்போது வங்கியில் இருக்கிறேன்.

எனக்கு மறக்காதது சான்றிதழ் இல்லை. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அப்பா ஒரு நாள் லீவு போட்டுப் போய் வாங்கி, வரும் வழியிலேயே லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்த அட்டை அது. நேர்காணல் அன்றைக்கு யூனிஃபார்மை மாற்றாமல் டூட்டியிலிருந்து நேராக என்னோடு சென்னைக்கு பஸ் ஏறி வந்திருந்தார். நேர்காணல் முடிந்து வெளியே வந்ததும் கேள்வி எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. "அட்டையைப் பத்திரமாத் திருப்பி வாங்கிட்டியா?" என்றார். வாங்கிட்டேன்பா என்றேன். கையில் வாங்கி, சட்டையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, டிக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டார்.