மின்சார லோடு ஆட்டோ: ஓடும்போதே சார்ஜ் ஏற்ற முடியவில்லை

வணக்கம். காசிமேட்டிலிருந்து மாதவரம், மணலி பக்கம் மீன் பெட்டி ஏற்றுகிறேன். வண்டி 48 வோல்ட் லித்தியம் பேட்டரி லோடு ஆட்டோ. புதிதில் ஒரு சார்ஜில் 90 கிலோமீட்டர் ஓடியது, இரண்டு ஆண்டுகளில் 70 ஆகிவிட்டது. கடைசி நடைக்கு உயிர் போகிறது.

"சக்கரம் சும்மாதானே சுற்றுகிறது, அதிலிருந்தே கரண்ட் எடுங்கள்" என்று மைத்துனர் விடவில்லை. பின் அச்சில் பெல்ட் போட்டு, சுற்றினால் மின்சாரம் தரும் பழைய கார் ஆல்டர்னேட்டரைப் பொருத்தி, அதன் 14 வோல்ட்டை உயர்த்திப் பேட்டரிக்குக் கொடுத்தோம். தூரம் 60க்கும் கீழே இறங்கியது. ஆல்டர்னேட்டர் கொதித்தது, மூலக்கடை மேம்பாலத்தில் வண்டி திணறியது. ஆல்டர்னேட்டர் 100 வாட் தர, மோட்டார் 150 வாட்டுக்கு மேல் கூடுதலாக உழைக்க வேண்டும். அதைக் கொடுப்பதும் அதே பேட்டரிதான். கழற்றிவிட்டேன். மைத்துனர் இன்னும் பெல்ட்டைத்தான் குறை சொல்கிறார்.

டயர் காற்று, பேரிங், பிரேக் உரசல் எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது. பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்பும் வசதியும் உண்டு. எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தால் அதில் ஒன்றும் தேறுவதில்லை.

மேற்கூரையில் 200 வாட் சூரியத் தகடு போட்டால் நாளுக்குப் பத்து கிலோமீட்டராவது கூடுமா? பொருத்தி ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்.