மெழுகு உருக்க டபுள் பாய்லர் அவசியமா?

மல்லிகா: வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்து விற்கலாம் என்று இருக்கிறேன். பாரஃபின் மெழுகுக் கட்டியை நேரடியாக அடுப்பில் உருக்கலாமா, டபுள் பாய்லர் மாதிரி சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டுமா?

அச்சுக்காரன்: நேரடியாகவே வையுங்கள் அக்கா. சின்னத் தீ, கையில் தெர்மாமீட்டர், போதும். 60 டிகிரி பக்கம் உருகிவிடும். தண்ணீர் சூடாகவே பாதி நேரம் போய்விடும். அப்புறம் ஆவி மெழுகில் இறங்கினால் திரி படபடவென்று பொரியும். அந்த வர்த்தியை யார் வாங்குவார்கள்?

வேதியியல் வாத்தியார்: 60-ல் உருகும், சரி. அதோடு நிற்குமா? 200 டிகிரியை ஒட்டிப் போனால் மெழுகின் ஆவி தீப்பிடிக்கும். அதற்கு முன் கொதித்துக் காட்டி எச்சரிக்கவும் செய்யாது. கீழே தண்ணீர் இருந்தால் 100-ஐத் தாண்ட வழியில்லை. மிச்சச் சூடெல்லாம் ஆவியாகவே போய்விடும்.

அச்சுக்காரன்: தெர்மாமீட்டர் எதற்கு இருக்கிறது சார்?

வேதியியல் வாத்தியார்: அதன் முனை இருக்கும் இடத்துச் சூட்டைத்தான் அது சொல்லும். பெரிய கட்டியாகப் போட்டால் அடி உருகிவிடும், மேல்பகுதி மூடி மாதிரி இறுகி நிற்கும். உருகும் மெழுகு உப்பும். போக வழியில்லாமல் பீறிட்டால் நேராகத் தீயில்தான் விழும்.

அச்சுக்காரன்: முழுக் கட்டியை யார் போடச் சொன்னது? உடைத்துத்தான் போட வேண்டும். தண்ணீர் வற்றிவிட்டால் உங்கள் டபுள் பாய்லரும் நேரடி அடுப்புதானே!

வேதியியல் வாத்தியார்: நியாயம். இட்லிப் பானையில் காசு போடுவார்களே, அதையே இங்கும் செய்யலாம். காசு தாளம் போடுவது நின்றால் தண்ணீர் தீர்ந்தது.

குன்னூர்வாசி: தண்ணீர் தளதளவென்று கொதிக்கவே வேண்டாம். ஊட்டி உயரத்தில் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், அதுவே தாராளம். வர்த்தி கெட்டியாக இருக்க மெழுகில் சேர்க்கும் ஸ்டியரிக் அமிலம்கூட 70-க்குள் உருகிவிடும். மேல் பாத்திரத்தின் விளிம்பு கீழ்ப் பாத்திரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஆவியும் உள்ளே இறங்காது.

மல்லிகா: ஒருவேளை தீப்பிடித்தால்?

வேதியியல் வாத்தியார்: தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள் அம்மா. அது அடிக்குப் போய் நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை வாரி இறைக்கும். அடுப்பை அணைத்துவிட்டு இரும்புத் தட்டால் மூடுங்கள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

அச்சுக்காரன்: தட்டு பக்கத்திலேயே இருக்கட்டும், அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பெரிய ஆர்டர் வந்தால் சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வைத்த மின் உருக்கிதான் அக்கா.

வேதியியல் வாத்தியார்: அதிலும் சுற்றிலும் தண்ணீர் நிற்கும் இரட்டைச் சுவர் வகை கிடைக்கிறது. அதையே கேட்டு வாங்குங்கள்.