வண்டலூர் ஜூவில் மறக்க முடியாதது எது? எனக்கு ஒரு சோலைமந்தி

போன மாதம் அப்பாவையும் பையனையும் வண்டலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. இன்றைக்கும் ஜூ என்று சொல்ல மாட்டார், அவருக்கு அது ‘உயிர் காலேஜ்’. எழும்பூர் மியூசியம் ‘செத்த காலேஜ்’. பழைய மெட்ராஸ்காரர்கள் வாயில் இந்த இரண்டும் சேர்ந்தேதான் வரும். பிறந்த இடமும் ஒன்றுதான். 1855இல் மியூசியப் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபோர் அதன் வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளை வைத்துத் தொடங்கியது இந்த ஜூ. பிறகு சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. அப்பா சின்ன வயதில் பார்த்த மூர் மார்க்கெட் ஜூ அதுதான். நகரம் நெருக்கியதால் 1985இல் வண்டலூர் காட்டுக்கு வந்தது.

புலி இருக்கும் இடத்தில் அப்பா கேட்ட முதல் கேள்வி, “கம்பி எங்கடா?” நமக்கும் புலிக்கும் நடுவில் ஆழமான அகழி இருப்பதைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக அழைத்துப் போய்க் காட்டினேன். வெகுநேரம் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “இப்பதான் புலி நடக்குது” என்றார்.

அப்புறம் சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்றும் சொல்வோம். முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. நாங்கள் போனபோது எதுவும் கண்ணில் படவில்லை. நாலைந்து பையன்கள் கைதட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள், என் மகனும் சேர்ந்துகொண்டான். அங்கிருந்த கீப்பர் அதட்டவில்லை. “தம்பி, ரெண்டே நிமிஷம் சும்மா நில்லுங்க. அதுவே வரும்” என்றார்.

ஐந்து நிமிடம் ஆனது. மரத்தின் பின்னாலிருந்து ஒன்று இறங்கி வந்தது. அதன் கழுத்துப் பக்கம் கட்டி மாதிரி புடைத்திருக்க, மகன் பயந்துபோய், “அதுக்கு அடிபட்டிருக்காப்பா?” என்றான். கீப்பர் விளக்கினார்: கன்னத்துக்குள்ளே பை இருக்கிறது, கிடைத்த பழத்தை அவசரமாக அதில் அடைத்துக்கொண்டு, பத்திரமான இடத்துக்குப் போய்த்தான் தின்னும். அவர் சொல்லி முடிப்பதற்குள் அது புறங்கையால் கழுத்தை அழுத்தி, ஒரு துண்டை வாய்க்குக் கொண்டுவந்து மெல்லத் தொடங்கியது. காட்டில் இப்படித் தின்றுகொண்டே போகிற இடமெல்லாம் கொட்டையைத் துப்பும், அங்கே மரம் முளைக்கும் என்றார். காடு துண்டுதுண்டானதால் அழியும் நிலைக்கு வந்துவிட்ட இந்த இனத்தை இங்கே இனப்பெருக்கம் செய்தும் வளர்க்கிறார்கள். பலகையில் எழுதியிருந்ததை நான் படித்துக் காட்டியிருந்தால் மகன் காதில் ஏறியிருக்காது. அந்தப் புறங்கை ஏறிவிட்டது. வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் செய்து காட்டுகிறான்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

*

எனக்கு மறக்க முடியாதது மரங்கள்தான். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது அங்கே ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மறுபடி திறந்த பிறகு போனேன். எப்போதும் நிழலிலேயே நடந்த பாதை, வெட்டவெளியாகக் கிடந்தது. ஜூவுக்குள்ளேயே இருக்கும் ஓட்டேரி ஏரிப் பக்கம் உட்கார்ந்து, உண்மையாகவே அழுதேன். இப்போது அங்கே கன்றுகள் என் உயரத்தைத் தாண்டிவிட்டன. போனால் ஏரிக்கரையில் ஒரு மணி நேரமாவது இருங்கள். கூண்டில் இல்லாத கொக்கும் நாரையும் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

*

மே மாதம் போனால் கரடியைப் பாருங்கள். வெயிலுக்காகப் பழத்துண்டுகளை ஐஸில் உறைய வைத்துக் கொடுக்கிறார்கள். நான் பார்த்த கரடி அந்தக் கட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தது. நகத்தால் சுரண்டும், நக்கும், மறுபடி சுரண்டும். உள்ளே இருந்த தர்பூசணித் துண்டு வெளியே வர அரைமணி நேரம் ஆனது. ஆனதும் சட்டென்று எழுந்து, அதைக் கவ்விக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது.