இன்ஃபோசிஸ் கணக்கைச் சரிபார்க்க உதவுங்களேன்

வணக்கம், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். 1993-ல் இன்ஃபோசிஸ் முதல் பங்கு வெளியீட்டில் பங்கு ஒன்று 95 ரூபாய் வீதம் 100 பங்கு வாங்கி விற்காமலே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மச்சானோடு வாக்குவாதம். 2000-ல் முகமதிப்பு 10-லிருந்து 5 ரூபாயாகப் பிரிந்தது (ஒரு பங்கு இரண்டானது), 2004-ல் ஒன்றுக்கு மூன்று போனஸ் (இலவசப் பங்கு), கடைசியாக 2018-ல் ஒன்றுக்கு ஒன்று, நடுவில் வந்த மற்ற போனஸ்களையும் சேர்த்தால் 9,500 ரூபாய் போட்டது 1,02,400 பங்காக வருகிறது. சரிதானே?

சிக்கல் டிவிடெண்டில்தான் (கம்பெனி லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் பணம்). வந்ததையெல்லாம் அதே பங்கில் திரும்பப் போட்டிருந்தால் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வரும்? பழைய டிவிடெண்ட் தேதிகள் எங்கே கிடைக்கும்? எக்செல்லில் போட்டுப் பார்க்க வேண்டும். மச்சான் இதைக் காட்டியே மொத்தப் பணத்தையும் ஒரே பங்கில் போடச் சொல்கிறார் (கணக்கு மோசடி வெளிவந்து விலை சரிந்த சத்யம் கம்பெனிப் பங்கை வாங்கினவர்கள் கதி 2009-ல் பார்த்தோமே). அப்புறம், டிவிடெண்டும் சேர்த்த சென்செக்ஸோடு (மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடு) யாராவது ஒப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.