காசு கொடுத்தும் பாட்டு பென் டிரைவில் ஏறவில்லை, உதவுங்கள்

கோத்தகிரி டிரைவர்:
கோத்தகிரி – மேட்டுப்பாளையம் வாடகை வண்டி ஓட்டுகிறேன். குஞ்சப்பனை தாண்டுவதற்குள் சிக்னல் நாலு தடவை போகும். பாட்டு சரணத்திலேயே நின்றுவிடும். அதனால் ஒரு செயலிக்குச் சந்தா கட்டி நூறு பாட்டு டவுன்லோடு செய்தேன். போனில் பாடுகிறது. பென் டிரைவுக்கு மாற்றினால் ஏதோ புரியாத பெயரில் கோப்புகள்தான், ஸ்டீரியோ வாயே திறக்கவில்லை. சரி, விலைக்கே வாங்கலாம் என்று வெளிநாட்டுக் கடை ஒன்றில் டெபிட் கார்டைப் போட்டால், ஓடிபி கூட வராமல் 'டிக்ளைன்டு'. திருட்டுப் பாட்டு என்றால் அரைமணி நேரத்தில் ஆயிரம் ஏற்றித் தர ஆள் இருக்கிறது. காசு கொடுக்கிறேன் என்பவனுக்குத்தான் இவ்வளவு பாடு!

குன்னூர்க்காரன்:
அண்ணா, சந்தாவில் இறக்கியது பூட்டுப் போட்ட கோப்பு. சாவி அந்தச் செயலியிடம். சந்தா நின்றால் போனிலும் பாடாது.
கார்டு விஷயம்: 2020 அக்டோபரிலிருந்து புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே வரும், ரிசர்வ் வங்கி விதி. வங்கிச் செயலியில் நாமே போட்டுக்கொள்ளலாம். வரம்பைக் குறைவாக வையுங்கள்.

ஊட்டி ரசிகை:
சினிமாப் பாட்டுக்கு ஆப்பிளின் பாட்டுக் கடையான ஐட்யூன்ஸ் பாருங்கள். 2009லேயே பாட்டுகளுக்குப் பூட்டை எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் கடை திறந்ததே 2012 கடைசியில்தான், அதனால் இங்கே வாங்கும் பாட்டுக்குப் பூட்டே இல்லை. கார்டு வேண்டாம், யூபிஐ போதும். வருவது எம்4ஏ என்ற வகைக் கோப்பு. பழைய ஸ்டீரியோவில் அது பாடாவிட்டால், கம்ப்யூட்டரில் ஐட்யூன்ஸிலேயே எம்பி3 ஆக்கிக்கொள்ளுங்கள். சினிமா அல்லாத தனிக் கலைஞர்களின் பாட்டுக்கு பேண்ட்கேம்ப் என்ற இணையக் கடை நல்லது, எம்பி3யாகவே கிடைக்கும்.
பென் டிரைவ் எத்தனை ஜிபி?

கோத்தகிரி டிரைவர்:
64.

ஊட்டி ரசிகை:
அப்படியென்றால் அதையும் பாருங்கள். 64 ஜிபி பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்து வரும். பழைய ஸ்டீரியோ பலவற்றுக்கு ஃபேட்32 என்ற பழைய முறைதான் தெரியும். 32 ஜிபி ஒன்று வாங்கி ஃபேட்32இல் ஃபார்மட் செய்யுங்கள்.

கோத்தகிரி டிரைவர்:
ரொம்ப நன்றிம்மா. பன்னிரண்டு பாட்டு வாங்கி ஏற்றினேன். நேற்று முழு மூடுபனி, சிக்னல் சுத்தமாக இல்லை, பாட்டு நிற்கவில்லை. பின் சீட்டு அம்மா "ரேடியோவா தம்பி?" என்று கேட்டார்.
அப்பாவுக்குப் பிடித்த ஒரு பழைய படத்தின் பாட்டுகள் மட்டும் எந்தக் கடையிலும் இல்லை. அதற்கு என்ன வழி?

குன்னூர்க்காரன்:
கேசட் இருந்தால் கம்ப்யூட்டரில் பதிந்துகொள்ளலாம் அண்ணா.

கோத்தகிரி டிரைவர்:
கேசட் இருக்கிறது. டேப் ரிக்கார்டர்தான் இல்லை. குன்னூரில் யாராவது வைத்திருக்கிறார்களா?